செத்த நாட்டிடம் கடன் வசூலிக்க முடியாது

1946-ல் லண்டன் நீதிமன்றத்துக்கு ஒரு விசித்திரமான வழக்கு வந்தது. இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகக் குடியிருந்த ஜெர்மானியர் ஒருவரைப் போர்க்காலத்தில் ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்துக் காவலில் வைத்திருந்தார்கள். ஜெர்மனி சரணடைந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியும் விடவில்லை. அவர் ஆள்கொணர்வு மனு போட்டார். ஜெர்மனி என்றொரு நாடே இப்போது கிடையாது என்பதுதான் அவருடைய வாதம். அங்கே அரசு இல்லை, ராணுவம் இல்லை, ஆட்சி முழுவதும் நான்கு வல்லரசுகளின் கையில். நாடே இல்லாதபோது நான் எந்த நாட்டின் குடிமகன்? இல்லாத ஒரு நாட்டோடு நீங்கள் எப்படிப் போரில் இருக்க முடியும்?

வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் தரப்பிலிருந்து 1946 ஏப்ரல் 2 தேதியிட்ட சான்றிதழ் ஒன்று தாக்கலானது. ஜெர்மனி இன்னும் ஒரு நாடாகவே இருக்கிறது. ஜெர்மன் குடியுரிமையும் இருக்கிறது. சமாதான உடன்படிக்கை எதுவும் ஆகாததால் மன்னர் இன்னமும் ஜெர்மனியோடு போர்நிலையில்தான் இருக்கிறார் என்றது அது. நீதிபதிகள் அந்தக் காகிதத்தைத் தாண்டி எதையும் விசாரிக்கவில்லை. மேல்முறையீட்டிலும் மனு தள்ளுபடியானது. தன் நாடு செத்துவிட்டது என்று ஜெர்மானியர் வாதாட, அந்த நாட்டைத் தோற்கடித்த அரசு அது உயிரோடுதான் இருக்கிறது என்று மல்லுக்கு நின்றது.

இரண்டு தரப்புமே தத்தம் வசதிக்காகப் பேசின என்பதில் சந்தேகமில்லை. முழுத் தோல்வியோடு ஒரு நாடு சட்டப்படியே இல்லாமல் போய்விடும் என்ற கோட்பாட்டின் வரலாற்றை எந்தப் பக்கத்தில் பிரித்தாலும் இதே வசதிதான் கண்ணில் படுகிறது. எந்த நாடு செத்தது, எது பிழைத்தது என்பதைப் போர்க்களம் மட்டும் முடிவு செய்ததில்லை. அதன் கடன்களை, வழக்குகளை, பொறுப்புகளை யார் தலையில் கட்டுவது என்ற கணக்குக்கும் அதில் பெரும் பங்கு இருந்திருக்கிறது.

சர்வதேசச் சட்ட நூல்கள் இதை ‘டெபெல்லாசியோ’ என்ற லத்தீன் பெயரால் அழைக்கின்றன. சாதாரணமாகப் போரில் தோற்கும் நாடு நிலத்தை இழக்கும், நஷ்டஈடு கட்டும், உடன்படிக்கையில் கையெழுத்துப் போடும். ஆனால் நாடாக நீடிக்கும். டெபெல்லாசியோவில் கையெழுத்துப் போட ஆள் மிஞ்சுவதில்லை. மண் முழுவதும் வென்றவரிடம் இருக்க வேண்டும். அரசு சிதறியிருக்க வேண்டும். அதற்காகக் களத்தில் நின்று போராடும் படை, கூட்டாளிகளின் படை உட்பட, எதுவும் இருக்கக் கூடாது. இத்தனையும் கூடிவந்து, வென்றவர் அந்த மண்ணைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாகவும் அறிவித்துவிட்டால் தோற்ற நாட்டின் கதை முடிந்தது. போரும் உடன்படிக்கை இல்லாமலே முடிந்துவிடும். பிறர் மண்ணைக் கைப்பற்றி வைத்திருப்பவர் அங்குள்ள சட்டங்களைக் கூடுமானவரை மதித்து நடக்க வேண்டும் என்று 1907-ன் ஹேக் விதிமுறைகளில் 43-வது பிரிவு சொல்கிறதே, அதுவும் இங்கே பொருந்தாது. அது பிறர் மண். இதுவோ இப்போது தன் மண்.

பழைய உலகத்துக்கு இது இயல்பான காரியம். கி.மு. 146-ல் கார்த்தேஜ் நகரத்தை எரித்து, பிழைத்தவர்களை அடிமைகளாக விற்று, அந்த நிலத்துக்கு ‘ஆப்பிரிக்கா’ மாகாணம் என்று பெயர் வைத்தது ரோம். உப்பைத் தூவினார்கள் என்பது பிற்காலத்தில் ஒட்டவைத்த கதை. பழைய ஆதாரங்களில் இல்லை. பகைவர் ஊரைக் கழுதை ஏர் பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைத்த செய்தி நம் புறநானூற்றிலேயே இருக்கிறது. 1985-ல் ரோம் நகர மேயரும் இன்றைய கார்த்தேஜ் நகர மேயரும் உட்கார்ந்து மூன்றாம் பியூனிக் போரை முடித்துக்கொள்வதாக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். வேடிக்கைக்குத்தான். என்றாலும், உடன்படிக்கை இல்லாமல் முடிந்த போர் ஏதோ ஓர் உறுத்தலை விட்டுச்செல்கிறது போலும்.

நவீன காலத்தில் இந்தக் கோட்பாட்டைத் தாராளமாகப் பயன்படுத்தியது பிரிட்டன். தென்னாப்பிரிக்காவில் போயர்களின் இரண்டு குடியரசுகளோடு 1899 அக்டோபரில் போர் மூண்டது. தலைநகரங்கள் வீழ்ந்ததும், 1900 மே மாதம் ஆரஞ்சு சுதந்திர நாட்டையும் செப்டம்பரில் டிரான்ஸ்வாலையும் இணைத்துக்கொண்டதாக பிரிட்டன் அறிவித்தது. ஆனால், போயர் படைகள் குதிரையேறிக் காட்டுக்குள் போய் இன்னும் இரண்டு ஆண்டுகள் சண்டை போட்டன. இணைப்பு அறிவிப்பின் பயன் இங்கேதான் தெரிந்தது. நாடு இல்லையென்றால் அதற்காகத் துப்பாக்கி ஏந்துகிறவர் எதிரிப் படைவீரர் ஆகமாட்டார். மன்னருக்கு எதிராகக் கிளர்ந்த கலகக்காரர் ஆகிவிடுவார். பண்ணைகளை எரித்தார்கள், பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தார்கள். அந்த முகாம்களில் 26,000-க்கும் மேற்பட்ட போயர்களும், தனி முகாம்களில் பல்லாயிரம் கறுப்பின மக்களும் மாண்டார்கள். கடைசியில் 1902 மே 31 அன்று வெரீனிகிங் உடன்படிக்கையில் பிரிட்டனோடு கையெழுத்திட்டவர்கள் யார் தெரியுமா? ‘தென்னாப்பிரிக்கக் குடியரசின் (அதாவது டிரான்ஸ்வாலின்) அரசாகச் செயல்படுகிறவர்கள்’, ‘ஆரஞ்சு சுதந்திர நாட்டின் அரசாகச் செயல்படுகிறவர்கள்’. செத்ததாக அறிவித்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆன நாடுகளின் பிரதிநிதிகள்!

இந்தப் போரின் வாலாக ஒரு வழக்கு வந்தது. போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு, டிரான்ஸ்வால் அதிகாரிகள் ஒரு சுரங்க கம்பெனியின் தங்கத்தை எடுத்துக்கொண்டார்கள். மதிப்பு சுமார் 3,800 பவுண்டு. அந்த நாட்டின் சட்டப்படி, எடுத்த தங்கத்தையோ அதன் விலையையோ திருப்பித் தர அரசு கடமைப்பட்டது. இப்போது அந்த அரசின் சொத்து முழுவதும் பிரிட்டிஷ் மன்னரிடம் வந்துவிட்டதே, கடனையும் அவர்தானே தீர்க்க வேண்டும் என்று கம்பெனி கேட்டது. 1905-ல் தீர்ப்பு வந்தது: வென்றவர் தோற்ற நாட்டின் சொத்தை எடுத்துக்கொள்ளலாம், கடனை ஏற்பதும் ஏற்காததும் அவர் விருப்பம். அப்பன் கடனுக்குப் பிள்ளை பொறுப்பு என்று வாழ்ந்த நம் ஊர்க்காரர்களின் நெஞ்சுக்கு இது ஒப்பாது.

அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருந்த தர்க்கத்தின் ஒரு வேர் தஞ்சாவூரில் இருக்கிறது. 1855-ல் தஞ்சை மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். 1799 உடன்படிக்கையிலேயே ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. கோட்டையும் மரியாதைகளும்தான் அரசருக்கு மிச்சம். இப்போது அரசே முடிந்துவிட்டது என்று சொன்ன கம்பெனி, 1856-ல் படையோடு வந்து அரண்மனையையும் அரசரின் சொந்தச் சொத்துகளையும் கைப்பற்றியது. இது போரில் வென்ற மண் அல்ல. ஓர் அரசு முடிந்துவிட்டதாக அறிவிக்கும் அதிகாரத்தை வலியவர் தானே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். மூத்த ராணி காமாட்சி பாயி சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார், ஜெயித்தார். கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859-ல் அங்கே முடிவு தலைகீழானது. இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான ‘அரசச் செயல்’. நியாயமா, அநியாயமா என்று கருத்துச் சொல்லும் உரிமைகூட நீதிமன்றத்துக்குக் கிடையாது என்று கைகழுவினார்கள் நீதிபதிகள். தீர்ப்பு வந்தபோது கம்பெனியின் ஆட்சியே முடிந்து, அதன் பொறுப்புகளோடு வழக்கும் இங்கிலாந்து அரசின் கைக்கு மாறியிருந்தது. 1862-ல் அரசு தன் கருணையால் சொத்துகளை வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது. கவனியுங்கள், கருணையால், உரிமையால் அல்ல.

காமாட்சி பாயி வழக்கை 1899-ல் தென்னாப்பிரிக்கப் போண்டோலாந்து வழக்கில் மேற்கோள் காட்டினார்கள். அந்தப் போண்டோலாந்து தீர்ப்பு 1905-ன் தங்க வழக்குக்குத் துணையாக வந்தது. கதை அங்கேயும் நிற்கவில்லை. விடுதலைக்குப் பிறகு நம் நீதிமன்றங்களும் இதே பாதையில் நடந்தன. இணைந்த சமஸ்தானங்களின் அரசர்கள் கொடுத்த மானியங்களைப் புதிய அரசு ரத்து செய்தபோது, அரசமைப்புச் சட்டம் வந்த பிறகு தன் குடிமக்களுக்கு எதிராகவே ‘அரசச் செயல்’ என்று ஓர் அரசு வாதாட முடியாது என்று 1954-ல் வீரேந்திர சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தைரியமாகச் சொன்னது. 1964-ல் குஜராத்தின் வன உரிமை வழக்கில் பெரிய அமர்வு அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. அடுத்து கோவா. 1961 டிசம்பரில் போர்ச்சுகீசிய ஆட்சி முடிவதற்குச் சற்று முன்பு வாங்கிய இறக்குமதி உரிமங்களோடு வந்த ஒரு வியாபாரியை, புதிய இறையாண்மை ஏற்றுக்கொண்டால்தான் அந்த உரிமம் செல்லும் என்று திருப்பி அனுப்பினார்கள். தஞ்சாவூர் ராணியிடம் லண்டன் சொன்னதை, கோவா வியாபாரியிடம் டெல்லி சொன்னது. காலனியச் சட்டங்களின் பெயர்களை எல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். மறுபரிசீலனை செய்ய வேண்டிய சரக்கு இது போன்ற தீர்ப்புகளில்தான் அதிகம் இருக்கிறது.

எத்தியோப்பியாவின் கதை இன்னும் கூர்மையானது. 1936 மே 5 அன்று அடிஸ் அபாபாவைப் பிடித்த முசோலினி, 9-ம் தேதி நாட்டையே இத்தாலியோடு இணைத்துவிட்டதாக அறிவித்தார். பேரரசர் ஹெய்லி செலாசி ஜூன் 30 அன்று ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன்னால் நின்று நியாயம் கேட்டார். கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு வீட்டில் குடியேறினார். கையில் பணமில்லை. கேபிள் அண்ட் வயர்லெஸ் நிறுவனம் எத்தியோப்பிய அரசோடு செய்திருந்த தந்தி ஒப்பந்தத்தின்படி பத்தாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல் பாக்கி வைத்திருந்தது. அந்தப் பாக்கியைக் கேட்டு அவர் வழக்குப் போட்டார்.

அப்போது பிரிட்டன் ஓர் இரட்டை வேடம் போட்டிருந்தது. எத்தியோப்பியாவை நடைமுறையில் ஆள்வது இத்தாலி என்று ஏற்றுக்கொண்டிருந்தது. சட்டப்படியான பேரரசர் செலாசிதான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே, கீழ் நீதிமன்றம் பணம் அவருக்கே என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1938 நவம்பரில், முசோலினியை ஹிட்லரிடமிருந்து பிரிக்கலாம் என்ற நப்பாசையில் பிரிட்டன் இத்தாலிய மன்னரை எத்தியோப்பியாவின் சட்டப்படியான பேரரசராக அங்கீகரித்துவிட்டது. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: எத்தியோப்பிய அரசின் சொத்துகள் இப்போது இத்தாலிய மன்னருடையவை, கடனைக் கேட்கும் உரிமை செலாசிக்கு இல்லை. களத்தில் அந்த மாதம் எதுவும் மாறவில்லை. எத்தியோப்பிய மலைகளில் கெரில்லாக்கள் சண்டையிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். லண்டனில் ஒரு அலுவலக மேஜையில் ஒரு முத்திரை விழுந்தது. ஒரு நாடு சட்டப்படி செத்தது.

அந்த நாடு மூன்றாண்டுகூட செத்துக் கிடக்கவில்லை. எரித்திரியாவின் கெரென் மலையில் இந்தியப் படைப்பிரிவுகள் ரத்தம் சிந்திப் போரிட்ட 1941-ல், தலைநகரம் வீழ்ந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த மே 5 அன்று, செலாசி அடிஸ் அபாபாவுக்குள் திரும்ப நுழைந்தார். இத்தாலி போரில் எதிரியாகிவிட்டதால் பிரிட்டனுக்கு இப்போது எத்தியோப்பியா உயிரோடு தேவைப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் 1945-ன் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். டெபெல்லாசியோவுக்கு இதைவிடப் பொருத்தமான நேர்வு நவீன வரலாற்றில் இல்லை. மே 7 அன்று ரைம்ஸ் நகரில் தளபதி யோடலும், மறுநாள் இரவு பெர்லின் கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் தளபதி கைடெலும் சரணாகதியில் கையெழுத்துப் போட்டார்கள். இருவரும் ராணுவத் தலைமையின் சார்பில் போட்டார்கள். அரசின் சார்பில் யாரும் போடவில்லை. நேச நாடுகளின் ஆலோசனை ஆணையம் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அரசியல் அதிகாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஷரத்துகளோடு ஒரு சரணாகதிப் பத்திரம் தயாரித்து வைத்திருந்தது. ரைம்ஸில் அவசரம், அதை விட்டுவிட்டு ராணுவச் சரணாகதிக்கு மட்டுமான ஒரு சின்னப் பத்திரத்தைப் பயன்படுத்திவிட்டார்கள். ஃபிளென்ஸ்பர்கில், ஹிட்லருக்குப் பின் பொறுப்பேற்ற டோனிட்ஸ் தலைமையில் ‘அரசு’ என்ற பெயரில் ஒரு கூட்டம் தினமும் அமைச்சரவை நடத்திக்கொண்டிருந்தது. மே 23 அன்று அவர்களையும் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆக, நாட்டை ஒப்படைக்கவும் யாரும் இல்லை, ஒப்படைத்ததாக எழுத்தும் இல்லை.

விட்ட இடத்தை நிரப்பத்தான் ஜூன் 5 அன்று பெர்லினில் ஐசனோவர், ஷுக்கோவ், மாண்ட்கோமரி, டெ லாத்ர் ஆகிய நான்கு நேச நாட்டுத் தளபதிகளும் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார்கள். ஜெர்மனியில் பொறுப்பேற்கக்கூடிய மத்திய அரசு எதுவும் இல்லை; உச்ச அதிகாரம் முழுவதையும், ஊராட்சியின் அதிகாரம்வரை, நான்கு அரசுகளும் எடுத்துக்கொள்கின்றன என்றது அறிவிப்பு. அதோடு நிற்காமல் ஒரு வரியைச் சேர்த்தது: இப்படி அதிகாரத்தை எடுத்துக்கொள்வதால் ஜெர்மனி இணைத்துக்கொள்ளப்பட்டதாக ஆகாது. அடுத்த அரை நூற்றாண்டின் சட்ட விவாதம் முழுக்க இந்த வரியைச் சுற்றியே நடந்தது.

ஜெர்மனி செத்துவிட்டது என்று உரக்கச் சொன்ன அறிஞர் ஹான்ஸ் கெல்சன். ஆஸ்திரியாவின் 1920 அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். யூதப் பிறப்பினால் 1933-ல் கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்து நாஜிகளால் வெளியேற்றப்பட்டவர். கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவருடைய வாதத்தில் ஓட்டை காண்பது கடினம். அரசு இல்லாமல் நாடு இல்லை. ஜெர்மனியில் அரசு இல்லை. ஆகவே அந்த நாடு இல்லை. அந்த மண் இப்போது நான்கு வல்லரசுகளின் கூட்டு இறையாண்மையில் இருக்கிறது. இணைக்கவில்லை என்று அவர்கள் சொல்வதால் மட்டும் இது மாறாது. பழிவாங்கும் நோக்கத்தில் கெல்சன் இதைச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. போர் முடியும் முன்பே, 1944-லேயே இதை எழுதினார். நாஜிச் சட்டங்களைத் துடைத்தெறிந்து, குற்றவாளிகளை விசாரித்து, புதிய அமைப்பைக் கட்ட வேண்டுமென்றால், உள்ளூர்ச் சட்டங்களை மதிக்கச் சொல்லும் ஹேக் விதிமுறைகள் குறுக்கே நிற்கும். அந்தத் தடையை நேர்மையாகத் தாண்ட ஒரே வழி, அந்த நாடு முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதுதான் என்பது அவர் எண்ணம்.

ஜெயித்தவர்கள் அவர் சொன்ன அதிகாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்ன முடிவை மட்டும் ஏற்கவில்லை. 1947 பிப்ரவரி 25 அன்று 46-வது சட்டத்தின் மூலம் பிரஷியா மாநிலத்தையே ஒழித்தார்கள். அதாவது, கொல்ல நினைத்ததைப் பெயர் சொல்லிக் கொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜெர்மனியை விட்டுவைத்தது மறதியால் அல்ல. செத்த நாட்டிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. அதன் பழைய பத்திரங்களுக்கு வட்டி கேட்க முடியாது. எதிரி நாட்டவர் என்று யாரையும் காவலில் வைக்க முடியாது. என்றோ ஒருநாள் சமாதான உடன்படிக்கை செய்துகொள்ள ஆளே இருக்காது. கெல்சன் தர்க்கத்தில் தோற்கவில்லை, வரவு செலவுக் கணக்கில் தோற்றார்.

ஜெர்மானியர்கள் தங்களுக்குள்ளேயே இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிரிந்த விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ரைக் எனப்படும் பழைய ஜெர்மன் நாடு 1945-ல் அழிந்துவிட்டது, நாங்கள் புத்தம்புதிய நாடு என்றது கிழக்கு ஜெர்மனி. ரைக் அழியவில்லை, நாங்களேதான் அது என்றது மேற்கு ஜெர்மனி. கோட்பாடு பேசுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். பணத்தைத் தொடர்ந்து போனால் விஷயம் புரியும். 1952 செப்டம்பரில் லக்ஸம்பர்க் உடன்பாட்டில் இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க்கும், யூத அமைப்புகளின் கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க்கும் தர மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது. கிழக்கு ஜெர்மனி ஒரு மார்க்கைக்கூடத் தரவில்லை. செத்த நாட்டின் பாவத்துக்குப் புது நாடு எப்படிப் பொறுப்பாகும் என்றது. சோவியத் ஒன்றியம் அங்கிருந்த தொழிற்சாலைகளைக் கழற்றிக்கொண்டு போனதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆனாலும், கோட்பாடு அவர்களுக்கு ஒரு நல்ல கேடயமாக இருந்தது. 1990 ஏப்ரலில், சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம்தான் யூதப் படுகொலைக்கான பொறுப்பைத் தங்களுக்கும் உரியதாக ஒப்புக்கொண்டது.

மேற்கு ஜெர்மனி உயிரோடு இருப்பதற்கான விலையைக் கட்டிக்கொண்டே இருந்தது. முதல் உலகப் போரின் நஷ்டஈட்டுக்காக 1924-லும் 1930-லும் வெளிநாடுகளில் விற்ற கடன் பத்திரங்கள் ஹிட்லர் காலத்தில் நின்றுபோயிருந்தன. 1953 லண்டன் கடன் உடன்பாட்டில் ஜெர்மனியின் பழைய கடன்களில் சுமார் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளின் வட்டியை மட்டும், நாடு மீண்டும் ஒன்றுபட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். ஒன்றுபடும் என்று அன்று யார் நம்பியிருப்பார்கள்? 1990-ல் ஒன்றுபட்டது. வட்டிக்கான புதிய பத்திரங்கள் வெளியாயின. கடைசித் தவணை, சுமார் 7 கோடி யூரோ, 2010 அக்டோபர் 3 அன்று கட்டப்பட்டது. கைசர் தொடங்கிய போரின் கணக்கை அங்கேலா மெர்கல் ஆட்சியில் முடித்தார்கள். இடையில் ஆட்சிமுறை எத்தனை தடவை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். கடன்காரருக்கு அதெல்லாம் ஒரே நாடு.

நாடு பிழைத்தது என்பதால் எல்லாமே பிழைத்தன என்று சொல்ல முடியாது. பழைய அரசு ஊழியர்களின் பதவிகளும் ஓய்வூதிய உரிமைகளும் தொடர்கின்றனவா என்ற கேள்வி ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1945 மே 8-ம் தேதியோடு அந்தப் பணி உறவுகள் அனைத்தும் முடிந்துவிட்டன என்று 1953 டிசம்பரில் தீர்ப்பளித்தார்கள். நாஜி ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்த நிர்வாகம் அந்த ஆட்சியோடே போயிற்று என்பது வாதம். கூட்டாட்சியின் மற்றொரு உயர் நீதிமன்றம் இதை ஏற்காமல் முறுக்கிக்கொண்டது தனிக்கதை. நாடு தொடர்கிறது, அதன் குமாஸ்தாக்களின் வேலை தொடரவில்லை! சட்டம் எதை உயிரோடு வைத்திருக்கிறது, எதை அடக்கம் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி வேண்டாம்.

1973-ல் அதே நீதிமன்றம், ஜெர்மன் ரைக் 1945-ன் வீழ்ச்சியைத் தாண்டி நீடிக்கிறது, மேற்கு ஜெர்மனி அதன் வாரிசு அல்ல, அதுவேதான் என்று தெளிவாகச் சொன்னது. இந்தத் தீர்ப்பின் ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்ட ஒரு கூட்டம் இன்றைக்கு ஜெர்மனியில் தலைவலியாக இருக்கிறது. ரைக்தான் உண்மையான நாடு, இப்போதைய குடியரசு போலி என்று சொல்லி, சொந்தமாகப் பாஸ்போர்ட் அச்சிட்டுக்கொண்டு, வரி கட்ட மறுக்கிறார்கள் இந்த ‘ரைக் குடிமக்கள்’. 2022 டிசம்பரில் சுமார் 3,000 போலீஸார் நாடெங்கும் சோதனை நடத்தி, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 25 பேரைக் கைது செய்தார்கள். பழைய பிரபு வம்சத்தவர் ஒருவரும் அதில் அடக்கம். வழக்குகள் நடக்கின்றன.

டெபெல்லாசியோவுக்கு உண்மையான அடி நியூரம்பெர்கில் விழுந்தது. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா போன்ற நாடுகளை முழுமையாக வென்று ரைக்கோடு சேர்த்துவிட்டதால் அங்கே போர்ச் சட்டங்கள் பொருந்தாது என்று குற்றம்சாட்டப்பட்ட நாஜித் தலைவர்களின் தரப்பு வாதாடியது. கைப்பற்றப்பட்ட நாடுகளை அவற்றின் உரிமையாளர்களிடம் மீட்டுக் கொடுக்க ஒரு படையாவது களத்தில் போராடிக்கொண்டிருக்கும்வரை அந்த வாதம் எடுபடாது என்று 1946 தீர்ப்பு சொன்னது. அதோடு, ஆக்கிரமிப்புப் போரே குற்றம் என்றானபின் அந்தக் குற்றத்தின் பலனாக ஒரு நாட்டைச் சட்டப்படி விழுங்க முடியுமா? 1928-ல் போரைக் கைவிடுவதாகப் பாரிஸில் கையெழுத்தானது, 1945-ன் ஐ.நா. சாசனம் இன்னொரு நாட்டின் எல்லைமீது பலப்பிரயோகத்தையே தடுத்தது; 1949-ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம், இணைத்துக்கொண்டதாக அறிவித்தாலும் அந்த மக்களின் பாதுகாப்பு போகாது என்று 47-வது பிரிவில் எழுதிவைத்தது. 1990 ஆகஸ்ட் 8 அன்று சதாம் உசேன் குவைத்தை இணைத்துக்கொண்டதாக அறிவித்தபோது பாதுகாப்பு சபைக்கு ஒரே ஒரு நாள்தான் தேவைப்பட்டது. மறுநாளே 662-வது தீர்மானம் அதைச் செல்லாது என்றது.

பெயரளவில் கோட்பாடு செத்தது. ஆனால், அது கொடுத்த அதிகாரத்தின் ருசி போகவில்லை. 2003-ல் பாக்தாத் வீழ்ந்த பிறகு, மே 22 அன்று பாதுகாப்பு சபை 1483-வது தீர்மானத்தில் இராக்கின் இறையாண்மையை உறுதிசெய்து, அமெரிக்காவும் பிரிட்டனும் ஆக்கிரமிப்பு அரசுகள், அதற்குரிய கடமைகள் அவர்களுக்கு உண்டு என்று பதிவுசெய்தது. மறுநாள், இராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி பால் பிரெமர் தன் இரண்டாவது ஆணையில் இராக் ராணுவத்தையே கலைத்தார். செப்டம்பரில் 39-வது ஆணை வந்தது; எண்ணெய் போன்ற சில துறைகள் நீங்கலாக, இராக் நிறுவனங்களை வெளிநாட்டினர் நூறு சதவீதம் வாங்கலாம் என்றது. பொருளாதார அமைப்பையே மாற்றிப்போடுவது சர்வதேசச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று பிரிட்டனின் தலைமை அரசு வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் அதற்குச் சில மாதங்கள் முன்பே, மார்ச் மாதத்தில், பிரதமர் பிளேருக்கு எழுதியிருந்தார். 1945-ல் ஜெர்மனியில் செய்ததைச் செய்ய ஆசை. இராக் செத்துவிட்டது என்று சொல்லத் துணிவில்லை. கெல்சன் குறைந்தபட்சம் அதை வெளிப்படையாகச் சொன்னார்.

இராக் செத்ததாக யாரும் சொல்லாததில் இன்னொரு வசதியும் இருந்தது. குவைத் படையெடுப்புக்காக சதாமின் இராக்மீது விழுந்த 5,240 கோடி டாலர் நஷ்டஈட்டை, சதாமைத் தூக்கிலிட்ட இராக்தான் தன் எண்ணெய் வருமானத்திலிருந்து கட்டி முடித்தது. கடைசித் தவணை 2022-ன் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தது. ஆட்சியாளர் மாறியும் கடன் மாறவில்லை என்பதில் இராக்கியர்களுக்குக் கசப்பு இருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும், நான் இந்தப் பக்கமே நிற்கிறேன். நாடு நீடிக்கிறது என்ற விதி சில வேளைகளில் ஏழைகள் தலையில் பழைய கடனை ஏற்றுகிறது. அதே விதிதான் அவர்களுடைய எண்ணெயை, எல்லையை, குடியுரிமையை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போகாமல் காக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

இப்போதைய ஆக்கிரமிப்பாளர்கள் பழைய வாதத்தை வேறு உடையில் கொண்டுவருகிறார்கள். வென்று அழித்தோம் என்று சொன்னால் சாசனம் மடக்கும். அதனால் அது உண்மையில் தனி நாடாகவே இருந்ததில்லை, எங்கள் வரலாற்றின் ஒரு துண்டு என்கிறார்கள். உக்ரைனைப் பற்றி புடின் 2021 ஜூலையில் எழுதிய நீண்ட கட்டுரை இந்த வகை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று டோனெட்ஸ்க், லுஹான்ஸ்க், சபோரிஷியா, கெர்சான் ஆகிய நான்கு பிராந்தியங்களையும் இணைத்துக்கொண்டதாக அவர் அறிவித்தபோது, சபோரிஷியா நகரம் ரஷ்யப் படையின் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. கெர்சான் நகரத்தை ஆறே வாரத்தில், நவம்பர் 11 அன்று, உக்ரைன் மீட்டது. வெல்வதற்கு முன்பே இணைக்கும் அந்த 1900-ன் அவசரம் அப்படியே. ரஷ்ய அரசமைப்புச் சட்டத்தின் 65-வது பிரிவு கெர்சானை இப்போதும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது.

2022 அக்டோபர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்த இணைப்பு செல்லாது என்று தீர்மானித்தது. ஆதரவு 143, எதிர்ப்பு 5, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 35. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. பேச்சுவார்த்தைக்கு வழி திறந்திருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். ரஷ்ய எண்ணெய், ஆயுத உதிரிபாகங்கள், சீனத்தை மனதில் வைத்த கணக்கு எல்லாம் புரிகிறது; வெளியுறவுக் கொள்கையைப் புண்ணியக் கணக்காக நடத்த முடியாது என்பதும் தெரிந்ததுதான். ஆனால், அந்தத் தீர்மானம் ரஷ்யாவோடு உறவை முறிக்கச் சொல்லவில்லை. படை பலத்தால் நடந்த ஓர் இணைப்பை ஏற்க வேண்டாம் என்றுதான் மற்ற நாடுகளைக் கேட்டது. வடக்கிலும் மேற்கிலும் பக்கத்து நாடுகளின் பிடியில் உள்ள பகுதிகளைத் தன் மண் என்று சொல்லிவரும் நாட்டுக்கு, அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பொத்தானை அழுத்துவதில் என்ன நஷ்டம் வந்திருக்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.